போர்ஷே 944: கையில் பொடிந்த ஃபிளைவீல் சென்சார் கனெக்டரைச் சரிசெய்வது எப்படி?

கேள்வி இதுதான். 1987 போர்ஷே 944, டர்போ இல்லாத 2.5 லிட்டர் எஞ்சின். எஞ்சினின் பின்பக்கம், எஞ்சின் அறையைப் பயணிகள் பகுதியிலிருந்து பிரிக்கும் ஃபயர்வாலை ஒட்டி ஒரு தகட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்று-பின் கனெக்டர்களில் ஒன்றைக் கழற்றப் போனபோது, பிளாஸ்டிக் கையோடு நொறுங்கி வந்துவிட்டது. அதற்கு முன்பே சில மாதங்களாக, காலையில் நெடுநேரம் ஸ்டார்ட்டரைச் சுற்றினால்தான் வண்டி கிளம்பும். இப்போது வயர்களை நேரடியாக முறுக்கி டேப் சுற்றிவிடலாமா, அல்லது முழு ஹார்னஸையும் (எஞ்சின் வயர்களின் முழுக் கட்டையும்) மாற்ற வேண்டுமா?

முழு ஹார்னஸ் மாற்றும் அளவுக்குப் பெரும்பாலும் போகாது. முறுக்கி டேப் சுற்றுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். புதுக் கனெக்டர் கூடு, அதற்குள் வயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டுகளான புது டெர்மினல்கள், வயர் நுழையும் வாயை மூடும் புது ரப்பர் பூட், டெர்மினலை வயரில் நசுக்கிப் பிடிக்கவைக்கும் சரியான கிரிம்ப் பிளையர் ஆகியவை கையில் இருந்தால் ஒரு நிதானமான அரைநாள் வேலை. உடைந்த பிளாஸ்டிக் கண்ணுக்குத் தெரிவதால் அதுதான் பழுது என்று தோன்றும். நான் அதைவிட அதிகமாகச் சந்தேகப்படுவது அதற்குப் பின்னால் இருக்கும் ஒரு சாண் வயரை. பிளாஸ்டிக்கைப் பொடியாக்கிய அதே வெப்பத்தில்தான் அந்த வயரும் இத்தனை வருஷம் வெந்திருக்கிறது.

முதலில் இந்தக் கனெக்டர்கள் எதைச் சுமக்கின்றன என்று சொல்லிவிடுகிறேன். 944-இல் பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் ஒரே பெட்டி கவனிக்கிறது: பாஷ் மோட்ரானிக். போர்ஷே அதை டிஎம்இ என்று அழைத்தது. அந்தப் பெட்டிக்கு எஞ்சின் சுற்றுகிறதா, எந்த வேகத்தில், இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்வதற்கு இரண்டே இரண்டு சென்சார்கள். இரண்டும் எஞ்சினின் பின்னால் இருக்கும் பெல் ஹவுசிங் என்ற கூட்டின் மேலே ஒரு பிராக்கெட்டில் நின்று, உள்ளே எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃபிளைவீலைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஒன்று ஃபிளைவீலின் விளிம்பைச் சுற்றியிருக்கும் ரிங் கியரின் 132 பற்களை எண்ணுகிறது. அது வேகச் சென்சார். மற்றொன்று ஃபிளைவீலில் இருக்கும் ஒரே ஒரு குறியை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை பார்க்கிறது. அது ரெஃபரன்ஸ் சென்சார். இரண்டில் ஒன்று பேசாவிட்டாலும் டிஎம்இ ஸ்பார்க் தராது, இன்ஜெக்டரைத் திறக்காது. பிற்காலக் கார்களில் ஒரு சென்சார் செத்தால் இன்னொன்றை வைத்து ஒப்பேற்றிக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. இந்தக் காரில் அது இல்லை.

இரண்டுமே மின்சாரம் ஊட்டத் தேவையில்லாத காந்தச் சுருள்கள். இரும்புப் பல் முன்னால் கடக்கும்போது காந்தப்புலம் அசைகிறது, சுருளில் ஒரு சிறு மாறுமின்னழுத்தம் பிறக்கிறது. பல் வேகமாகக் கடந்தால் அழுத்தம் அதிகம், மெதுவாகக் கடந்தால் குறைவு. ஸ்டார்ட்டர் எஞ்சினை நிமிடத்துக்கு 200 சுற்றில் திருப்புகிறது என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 440 பற்கள் கடக்கும். 900 சுற்றில் ஐடிலில் நிற்கும்போது அதுவே 1,980. ஆக, சென்சார் மிக மெலிதாகப் பேசுகிற நேரம் ஸ்டார்ட் செய்யும் நேரம்தான். கனெக்டர் உள்ளே பச்சை பூத்தோ, டெர்மினல் தளர்ந்தோ இருந்தால் அந்த மெல்லிய சமிக்ஞை வழியிலேயே தேய்ந்துவிடும். எஞ்சின் ஒரு தடவை பிடித்துவிட்டால் சமிக்ஞை வலுத்துவிடுவதால் பிறகு குறையே தெரியாது. உங்கள் காலை நேரத் தொல்லைக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் இதை மட்டுமே காரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 944-இல் டிஎம்இக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்சான டிஎம்இ ரிலேயும் பேர்போன குற்றவாளி. அதன் உள்ளே ஈயப் பற்றுகள் விரிசல் விட்டால் வண்டி இதே மாதிரி நடந்துகொள்ளும். வேறொரு ரிலே மாட்டிப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. இரண்டு கனெக்டர்களும் உருவத்தில் ஒன்றுபோலவே இருக்கும், மாற்றிச் செருகினாலும் கச்சிதமாக உட்காரும். ஆனால் வண்டி கிளம்பாது. அவற்றில் டிஜி, பிஜி என்ற எழுத்துகள் இருக்கிறதா பாருங்கள். இவை ஜெர்மன் சொற்களின் சுருக்கம்: ட்ரேசால்கேபர் என்றால் சுற்றுவேகம் தருவது, பெட்சூக்ஸ்மார்கன்கேபர் என்றால் குறி தருவது. டிஜி வேகச் சென்சார், பிஜி ரெஃபரன்ஸ் சென்சார். எழுத்து அழிந்திருந்தால், இரண்டாவதைக் கழற்றுவதற்கு முன்பே வயரில் வெள்ளை டேப் சுற்றிப் பெயர் எழுதிவிடுங்கள். எந்த வயர் எந்தத் துளையில் இருந்தது என்பதற்கு இரண்டு மூன்று கோணங்களில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, உடைந்தது யார் பக்கம் என்று பிரித்துப் பாருங்கள். சென்சாரிலிருந்து மேலே வரும் வயரின் முனை உடைந்திருந்தால், அதைப் பழுதுபார்க்க மெனக்கெட வேண்டாம். சென்சார் அதன் வயரோடும் முனையோடும் சேர்த்து ஒரே வார்ப்பாகத்தான் விற்கப்படுகிறது, புதிதாக வாங்குங்கள். அதைக் கழற்றுவது தனிப் போராட்டம். பழைய சென்சார் பிராக்கெட் துளையில் துருவோடு இறுகியிருக்கும். முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, மேலே இழுக்காமல் இடமும் வலமுமாகத் திருப்பித் திருப்பி எடுங்கள். பிராக்கெட்டை அசைத்துவிட்டால் வேகச் சென்சாரின் நுனிக்கும் பல்லுக்கும் இடையே 0.8 மிமீ இடைவெளியை மறுபடி வைத்தாக வேண்டும். பழைய சென்சாரின் நுனியில் 0.8 மிமீ தடிமனுள்ள வாஷர் ஒன்றை ஒட்டி, அது பல்லைத் தொடும் வரை பிராக்கெட்டை இறக்கி முறுக்கிவிட்டு, பிறகு புதுச் சென்சாரைப் போடுவதுதான் எல்லோரும் செய்யும் வழி.

ஹார்னஸ் பக்கத்துக் கூடுதான் உடைந்தது என்றால் இனி வருவது உங்களுக்கு. உங்கள் விவரிப்பைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு அளக்கத் தொடங்குங்கள். வெட்டுவதற்கு முன் அளப்பது முக்கியம். இல்லாவிட்டால் வேலை முடிந்தபின் வண்டி கிளம்பாதபோது பழுது பழையதா, நீங்கள் உண்டாக்கியதா என்று தெரியாது. சென்சார் பக்க முனையில் 1-க்கும் 2-க்கும் இடையே 600 முதல் 1,600 ஓம் வரை இருக்க வேண்டும். 1-க்கும் 3-க்கும், 2-க்கும் 3-க்கும் இடையே 1 லட்சம் ஓமுக்கு மேல். மூன்றாவது பின்னுக்கு வருவது ஷீல்டு, அதாவது வெளி மின் இரைச்சலைத் தடுக்க வயரைச் சுற்றியிருக்கும் உலோகப் பின்னல். அது சமிக்ஞை வயர் எதையும் தொடக்கூடாது. மீட்டரை மாட்டியபடியே வயரைத் தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடாக்கி மெல்ல அசைத்துப் பாருங்கள். எண் துள்ளினால் சென்சாரின் வயரே உள்ளுக்குள் அறுந்துகொண்டிருக்கிறது, கனெக்டர் மாற்றி மட்டும் பயனில்லை.

பிறகு டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் டிஎம்இ பெட்டியின் 35-பின் பிளக்கைக் கழற்றுங்கள். அதில் 8, 27 வேகச் சென்சாருடையவை, 25, 26 ரெஃபரன்ஸ் சென்சாருடையவை, 23 ஷீல்டு. 16 வால்வு மாடல்களில் இந்த எண்களை நம்பாதீர்கள், அந்த மாடலுக்கான வயரிங் படத்தைப் பாருங்கள். நொறுங்கிய கனெக்டரின் ஒவ்வொரு டெர்மினலிலிருந்தும் இந்த எண்களுக்கு மின்தொடர்ச்சி இருக்கிறதா (நடுவில் அறுபடாமல் மின்சாரம் போகிறதா) என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வேண்டுகோள்: மீட்டரின் தடித்த ஊசியை அந்தச் சிறு டெர்மினலுக்குள் குத்தாதீர்கள். வாய் அகன்றுவிட்டால் பிறகு பின்னை இறுகப் பிடிக்காது, நீங்களே ஒரு புதுப் பழுதைச் செய்துவைத்த மாதிரி ஆகிவிடும். சரியான அகலமுள்ள உதிரித் தட்டைப் பின் ஒன்றை வயரில் கோத்து அளவுக் கம்பியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் பொருள்களில் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய டெர்மினல் ஒன்றை வெளியே எடுத்து வெர்னியரில் அகலம் பார்த்து, அதற்கு ஒத்த மூன்று-பின் கூட்டை வாங்குங்கள். டெர்மினல்கள் வயரின் பருமனுக்கு ஏற்றபடி வேறு வேறு அளவில் வரும், தடித்த வயருக்கானதை மெல்லிய வயரில் நசுக்கினால் பிடிக்காது. மூன்று வேண்டுமென்றால் பத்து வாங்குங்கள். முதல் மூன்று நான்கை வீண் வயரில் போட்டுப் பழகுவதற்கு. கிரிம்ப் பிளையர், திறந்த இறக்கை உள்ள டெர்மினல்களுக்கானதாக இருக்கட்டும். சிவப்பு, நீல பிளாஸ்டிக் உறை போட்ட டெர்மினல்களை நசுக்கும் சாதாரணப் பிளையர் இந்த வேலைக்கு ஆகாது.

பழைய டெர்மினலை எடுக்க, கூட்டின் முன்புறத்திலிருந்து மெல்லிய கருவியை நுழைத்து, டெர்மினலின் பக்கவாட்டில் துருத்தி நிற்கும் பூட்டு நாக்கை உள்ளே அமுக்கிப் பின்பக்கமாக உருவ வேண்டும். உங்கள் கூடு ஏற்கெனவே நொறுங்கிவிட்டதால் அந்த வித்தை தேவைப்படாது, பிளாஸ்டிக்கைச் சிறிய கட்டிங் பிளையரால் கிள்ளி எடுத்துவிடலாம். துண்டுகள் கீழே விழாமல் அடியில் ஒரு துணியை விரித்துவிடுங்கள்.

இப்போது அந்த ஒரு சாண் வயர். ரப்பர் பூட்டைப் பின்னால் தள்ளிவிட்டு வயரை விரலால் மெல்ல வளையுங்கள். உறை விரிசல் விட்டாலோ, வளைத்த இடத்தில் வெளுத்தாலோ அந்த இடம் முடிந்துவிட்டது. உறையைச் சீவிப் பாருங்கள். உள்ளே செம்பு பளபளவென்று இருக்க வேண்டும். கறுத்திருந்தால் அதில் கிரிம்ப் நிற்காது. நல்ல செம்பு வரும்வரை ஒவ்வொரு சென்டிமீட்டராக வெட்டிக்கொண்டே போங்கள். ஓரிரு சென்டிமீட்டரில் நல்ல செம்பு வந்துவிட்டால் உங்கள் அதிர்ஷ்டம், அப்படியே புது டெர்மினல் போட்டுவிடலாம். அதற்கு மேல் போனால் நீளம் போதாது, வயர் விறைத்துக்கொண்டு கனெக்டரை இழுக்கும். அப்போது துண்டு சேர்க்க வேண்டும். ஷீல்டு உள்ள வயருக்கு ஷீல்டு உள்ள வயரையே சேர்க்க வேண்டும், 125 டிகிரி தாங்கும் எக்ஸ்எல்பிஇ என்ற பிளாஸ்டிக் உறையோடு. ஸ்பீக்கர் வயரோ வீட்டு வயரிங் துண்டோ எஞ்சின் வெப்பத்தில் ஓரிரு வருஷத்தில் இதே நிலைக்கு வந்துவிடும்.

டெர்மினலில் இரண்டு ஜோடி இறக்கைகள் உண்டு. முன்ஜோடி வெறும் செம்பைக் கவ்வ, பின்ஜோடி உறையைக் கவ்வ. செம்பு முன்ஜோடியைத் தாண்டி ஒரு மயிரிழை எட்டிப் பார்க்க வேண்டும், உறை பின்ஜோடிக்குள் மட்டும் நிற்க வேண்டும். கிரிம்ப் செய்தபின் முன் இறக்கைகளின் இரு நுனியும் உள்நோக்கிச் சுருண்டு செம்புக்குள் புதைந்திருக்கும். கையால் நன்றாக இழுத்துப் பாருங்கள். கழன்றால் இப்போதே கழலட்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ரப்பர் பூட்டை வயரில் கோத்துவிட்டீர்களா என்று பாருங்கள். மூன்று டெர்மினலும் அழகாகப் போட்டு முடித்தபின் பூட் மேசைமேல் கிடப்பதைப் பார்த்தால் மனசு உடைந்துவிடும்.

“கிரிம்ப் மேல் கொஞ்சம் ஈயமும் விட்டால் இன்னும் உறுதிதானே” என்று கேட்பவர்கள் உண்டு. ஈயம் உருகும்போது செம்பு இழைகளுக்குள் ஊறி, டெர்மினலுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் வயரைக் கம்பி மாதிரி விறைப்பாக்கிவிடும். நான்கு சிலிண்டர் எஞ்சினின் அதிர்வு முழுவதும் அந்த விறைப்பு முடிகிற ஒரு புள்ளியில் போய் இறங்கும், அங்கேதான் வயர் அறும். ஒழுங்காகப் போட்ட கிரிம்புக்கு ஈயம் தேவையில்லை. ஒழுங்கற்ற கிரிம்பை ஈயம் காப்பாற்றாது. துண்டு சேர்க்கும் இடங்களிலும் இதேதான்: உறையில்லாத குழாய் இணைப்பானில் கிரிம்ப் செய்து, உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் குழாய்) போட்டு மூடுங்கள். இரண்டு வயரின் இணைப்பும் ஒரே இடத்தில் வராமல் முன்னும் பின்னுமாக வையுங்கள், இல்லாவிட்டால் அங்கே ஒரு பெரிய முண்டு விழும்.

ஷீல்டைப் பற்றி நான் கொஞ்சம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் சொந்த 944-ஐ வாங்கியபோது இதே கனெக்டரை முன்பே யாரோ ஒரு பட்டறையில் மாற்றியிருந்தார்கள். சமிக்ஞை வயர் இரண்டையும் சேர்த்துவிட்டு ஷீல்டை வெட்டி மடித்து டேப்புக்குள் புதைத்துவிட்டார்கள். வண்டி ஒழுங்காகக் கிளம்பும், நகருக்குள் ஒழுங்காக ஓடும். 4,000 சுற்றைத் தாண்டினால் மட்டும் அவ்வப்போது ஒரு வெட்டு. டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டர், பிளக் வயர், பெட்ரோல் பில்டர் என்று ஒரு கோடைகாலம் முழுக்க மாற்றினேன். கடைசியில் டிஎம்இ பிளக்கில் 23-ஐயும் கனெக்டரின் மூன்றாவது பின்னையும் அளந்தபோதுதான் தொடர்ச்சியே இல்லை என்று தெரிந்தது. பக்கத்திலேயே ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடும் ஸ்பார்க் வயர்கள். அவற்றின் இரைச்சலைச் சென்சார் வயர் வாங்கி டிஎம்இக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆகவே ஷீல்டின் பின்னலை வெட்டிவிடாமல் பிரித்து முறுக்கி, தனி ஹீட் ஷ்ரிங்க் மாட்டி, மூன்றாவது டெர்மினலில் கிரிம்ப் செய்யுங்கள். அக்கறை மிகுந்து எஞ்சின் பக்கத்தில் அதை எர்த் செய்துவிடவும் வேண்டாம். ஷீல்டு டிஎம்இ பக்கத்தில் மட்டும்தான் எர்த் ஆக வேண்டும். இரண்டு பக்கமும் எர்த் ஆனால் அதுவே ஒரு மின்வழியாகி இரைச்சலைக் கொண்டுவரும்.

1-ஐயும் 2-ஐயும் இடம் மாற்றிவிடக் கூடாது என்பதும் இதே அளவு முக்கியம். வெறும் சுருள்தானே, எந்தப் பக்கம் மாட்டினால் என்ன என்று தோன்றும். மாற்றினால் அலை தலைகீழாகிவிடும். டிஎம்இ பல்லின் விளிம்பைத் தவறான கணத்தில் படிக்கும். ஓம் மீட்டரில் இந்தத் தவறு தெரியவே தெரியாது, இரண்டு பக்கமும் ஒரே எண்ணைத்தான் காட்டும். முதலில் எடுத்த போட்டோவும் எழுதிவைத்த தொடர்ச்சிக் குறிப்பும் இங்கேதான் கைகொடுக்கும்.

டெர்மினலைக் கூட்டுக்குள் தள்ளும்போது ‘டிக்’ என்று பூட்டும் சத்தம் வர வேண்டும், அதன்பின் வயரை இழுத்தால் வரக்கூடாது. கறுப்பு பிவிசி டேப் சூட்டில் பிசினாக உருகி வடியும், ஆகவே எஞ்சின் அறைக்கான துணி டேப்பைச் சுற்றுங்கள். கனெக்டரை அதன் தகட்டில் திரும்ப மாட்டியே தீர வேண்டும். அந்தத் தகடு இல்லாமல் தொங்கவிட்டால் வயரின் எடையையும் ஆட்டத்தையும் டெர்மினல்கள் சுமக்க வேண்டியிருக்கும், புதுக் கனெக்டரும் சீக்கிரமே தளரும். ஸ்பார்க் வயர்களிலிருந்து இயன்ற அளவு தள்ளி வயரைக் கொண்டுபோங்கள்.

மாட்டி முடித்ததும் டிஎம்இ பிளக்கில் மறுபடி அளங்கள்: 8–27, 25–26 இரண்டிலும் சென்சாரில் நேரடியாக எடுத்த அதே ஓம் வர வேண்டும். ஐம்பது நூறு ஓம் கூடிவிட்டால் எங்கோ ஒரு கிரிம்ப் சரியில்லை. பிறகு பேட்டரியை மாட்டி, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து 8–27-இல் பிடித்துக்கொண்டு இன்னொருவரை ஸ்டார்ட்டர் சுற்றச் சொல்லுங்கள். சுற்றும்போது வோல்ட் எழும்ப வேண்டும், நின்றதும் பூஜ்யமாக வேண்டும். ரெஃபரன்ஸ் சென்சாரில் சுற்றுக்கு ஒரே துடிப்பு என்பதால் சாதாரண மீட்டர் அதைச் சரியாகக் காட்டாது. அதற்கு ஆஸிலாஸ்கோப் வேண்டும். பிளக்கை மாட்டிவிட்டுக் கடைசியாக ஸ்டார்ட் செய்யும்போது டேக்கோமீட்டர் முள்ளைக் கவனியுங்கள். எஞ்சின் பிடிப்பதற்கு முன்பே முள் கொஞ்சம் துள்ளினால் டிஎம்இக்குச் சமிக்ஞை போய்ச் சேருகிறது. முள் அசையாமல் கிடந்தால் திரும்பவும் கனெக்டரிலிருந்து தொடங்குங்கள். டிஜி, பிஜி மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கையோடு எஞ்சின் முன்பக்கத்துக் குளிர்நீர் வெப்பச் சென்சாரின் இரண்டு-பின் கனெக்டரையும் பார்த்துவிடுங்கள். அதுவும் அதே வயசு, அதே பிளாஸ்டிக். அந்த இணைப்பு விட்டுப்போனால் டிஎம்இ எஞ்சின் உறைபனியில் நிற்கிறது என்று நினைத்து பெட்ரோலை அள்ளி ஊற்றும், கறுப்புப் புகை வரும். 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் என்ற அளவில் இருந்தால் சென்சார் நலம். அந்தக் கனெக்டரின் கம்பிக் கிளிப்பை எடுக்கும்போது அதில் ஒரு நூலைக் கட்டிக்கொள்ளுங்கள், தெறித்தால் திரும்பக் கிடைக்காது.

தகட்டில் மிச்சமிருக்கும் அந்த இரண்டாவது மூன்று-பின் கனெக்டர் இன்னும் முழுசாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு கூடாகவே வாங்கி, இதைப் போட்ட அன்றே அதையும் மாற்றிவிடுங்கள்.